சுபகாரியமும் ரசீதும்

நம் மக்கள் இந்நாட்டில் நடத்தும் திருமணங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆடம்பரத்தைக் கண்டிப்பார்கள். அல்லது சடங்குகளின் தொன்மையை ஆராய்வார்கள். இவ்விரண்டையும் நான் செய்யப் போவதில்லை. ஆடம்பரம் வேண்டாமென்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் பல ஆண்டுகள் பேசிப் பார்த்தவன் நான். அப்பேச்சைக் கைதட்டி வரவேற்றவர்களே மறுமாதம் அழைப்பிதழோடு வந்து நிற்பார்கள். அழைப்பிதழின் கனம் மட்டும் ஆண்டுக்காண்டு கூடிவந்தது. ஆகவே, செலவு செய்யலாமா கூடாதா என்ற வழக்கை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, செய்த செலவுக்குரிய வேலை நடக்காமற்போனால் என்ன வழி என்ற கேள்வியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். முன்பணம் வாங்கிய மணவறைக்காரர் முகூர்த்த நேரம்வரை வரவில்லை. ஐந்நூறு பேருக்குச் சமைக்க ஒப்புக்கொண்டவரின் அண்டா முந்நூறாவது இலையோடு காலியாகிவிட்டது. படம் பிடித்தவர் ஓராண்டு கடந்தும் படத்தைத் தரவில்லை. இத்தகைய செய்திகளைக் கேள்விப்படாத தமிழாசிரியர் நம்மிடையே இரார்.

1970-களில் நான் சிறுவனாக வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் கல்யாண வேலைக்கு ஆள் அமர்த்துவது என்ற பேச்சே கிடையாது. லயத்துக்கு முன்னிருந்த திடலில் பந்தற்கால் நட இளைஞர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். தென்னங்குருத்தைக் கிழித்துத் தோரணம் பின்னுவதில் கைதேர்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவரை எவரும் அழைக்கவேண்டியதில்லை, குருத்தை வெட்டிப் போட்டாலே வந்து உட்கார்ந்துவிடுவார். அண்டாக்கள் கோயிலிலிருந்து வரும். விறகு காட்டோரத்திலிருந்து வரும். அரைப்பதையும் அரிவதையும் பக்கத்து லயத்துப் பெண்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். சாம்பாரில் உப்பு மிகுந்துவிட்டாலோ, பந்தல் ஒருபுறம் சாய்ந்துவிட்டாலோ அது வழக்காவதில்லை. பல்லாண்டுகள் சொல்லிச் சிரிக்கும் கதையாகும். உழைத்தவர் எவரும் கூலி பெறவில்லை. அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் நாம் போய் உழைப்பதே அதற்குரிய கூலி.

அந்த வாழ்க்கை போய்விட்டது. தோட்டங்களை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தபின், உறவும் அயலும் செய்த வேலைகள் ஒவ்வொன்றும் தனித்தனித் தொழிலாகிவிட்டன. மண்டபம் ஒருவர், மணவறை ஒருவர், சமையல் ஒருவர், ஒப்பனை ஒருவர், நாதஸ்வரம் ஒருவர், உருமி மேளம் ஒருவர், படப்பிடிப்பு ஒருவர். இதில் வருந்துவதற்கு எதுவுமில்லை. என்னிடம் படித்த மாணவர் சிலரே இன்று இத்தொழில்களால் கௌரவமாக வாழ்கின்றனர். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உறவு செய்த வேலையை நாம் கூலிக்கு விட்டுவிட்டோம். பேச்சை மட்டும் உறவுப் பேச்சாகவே வைத்திருக்கிறோம். “நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரி பார்த்துச் செய்றேண்ணே” என்கிறார் அவர். “உங்களை நம்பித்தான் தம்பி” என்கிறோம் நாம். ஐயாயிரம் வெள்ளி கைமாறுகிறது. ஒரு துண்டுத் தாள் கைமாறுவதில்லை. கேட்டால், சுபகாரியத்தில் ரசீது கேட்பதா என்கிறார்கள்.

இந்தத் தயக்கம் எனக்கு வியப்பளிக்கிறது. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது முதல், முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்படவேண்டும் என்பது இந்நாட்டின் விதி. மணமகனையும் மணமகளையும் பதிவேட்டில் கையொப்பமிடச் செய்கிறோம், சாட்சிகளையும் நிறுத்துகிறோம். அதை அபசகுனமென்று எவரும் கருதவில்லை. வாழ்நாள் உறவுக்கே கையொப்பம் கேட்கும் நாம், ஒருநாள் வேலைக்கு வரும் மணவறைக்காரரிடம் அதைக் கேட்க நாணுவது என்ன நியாயமோ, நானறியேன்.

எழுதிய தாள் இல்லாவிட்டால் எல்லாம் போயிற்று என்று கருதுவோரும் நம்மிடையே பலர். அதுவும் தவறான எண்ணமே. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, தகுதியுடைய இருவர் மனமொத்துச் சட்டத்திற்குட்பட்ட ஒரு காரியத்திற்கு விலை பேசி உடன்பட்டால் அது ஒப்பந்தமே. இத்தகைய பேச்சுக்கு எழுத்து கட்டாயமன்று. வாய்ச்சொல்லும் கட்டுப்படுத்தும். மெய்ப்பிப்பதில்தான் சிக்கல். அதற்கும் இன்று வழியுண்டு. வங்கி வழி பணம் அனுப்பிய சான்று, புலனத்தில் பரிமாறிய செய்திகள், விலைப்பட்டியலின் படம், “நாளைக்குக் கண்டிப்பாகத் தருகிறேன்” என்று அவர் அனுப்பிய குரற்பதிவு ஆகிய யாவும் சான்றுகளே. கைப்பேசி மாற்றும்போது பழைய செய்திகளை அழித்துவிடுவோர்தாம் பின்னர் வருந்துகின்றனர். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு எதையும் குறித்துவைக்காதவர் நிலை அதனினும் கடினம்.

ஒப்புக்கொண்டவர் செய்யவில்லையென்றால் சட்டம் என்ன தருகிறது? அவர் வேலையை அடியோடு செய்ய மறுத்தாலோ, செய்ய இயலாதபடி தம்மையே ஆக்கிக்கொண்டாலோ, மற்றவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது 40-ஆவது பிரிவு. மீறலால் இயல்பாக விளைந்த இழப்பிற்கும், அவ்வாறு விளையுமென்று இருவரும் ஒப்பந்தம் செய்தபோதே அறிந்திருந்த இழப்பிற்கும் ஈடு பெறலாம் என்பது 74-ஆவது பிரிவு. சமையற்காரர் முதல்நாள் இரவு கைவிரித்துவிட, பத்தாயிரம் வெள்ளிச் சாப்பாட்டை வேறொருவரிடம் பதினான்காயிரத்திற்கு வாங்க நேர்ந்தால், கொடுத்த முன்பணத்தோடு அந்த நாலாயிரம் வித்தியாசத்தையும் கேட்கலாம். ஆனால் இழப்பைக் குறைக்க நம்மால் இயன்றதைச் செய்தோமா என்பதும் பார்க்கப்படும். அருகில் பதினான்காயிரத்திற்குக் கிடைத்ததை விட்டு, கோபத்தில் நட்சத்திர விடுதியில் முப்பதாயிரத்திற்கு வாங்கிவிட்டு முழுத்தொகையையும் அவர்மேல் சுமத்த முடியாது. தொலைதூர இழப்புகளுக்கும் ஈடில்லை என்று அதே பிரிவு கூறுகிறது.

இங்குதான் நம்மவர் மனம் சட்டத்தோடு மோதுகிறது. பந்தியில் உட்கார்ந்த சம்பந்தி வீட்டார் இலையைப் பார்த்தபடி அரைமணி நேரம் காத்திருந்தனரே, அந்த அவமானத்திற்கு என்ன விலை? விலை சொல்வது எளிதன்று. 1971-இல் ஸ்காட்லாந்தில் ஒரு வழக்கு வந்தது. அமர்த்திய புகைப்படக்காரர் திருமணத்திற்கு வராமலே போய்விட்டார். மணமகள் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவருடைய ஏமாற்றத்திற்கென்றே 30 பவுன் ஈடு விதித்தது. தொகை சிறிது. எனினும், ஒப்பந்த மீறலுக்குப் பணவிழப்பை மட்டுமே கணக்கிடும் பொதுவழக்கத்திலிருந்து விலகி, மகிழ்ச்சியைத் தருவதற்காகவே செய்துகொள்ளும் ஒப்பந்தம் வேறுவகையானது என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அது அயல்நாட்டுத் தீர்ப்பு. நம் நாட்டில் வழக்காடுவோர் அதை நம்பி இறங்கலாகாது. காட்டக்கூடிய இழப்பை, ரசீதோடு காட்டுவதே இங்குப் பயன்தரும்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இதைவிட நெருங்கி வந்து நமக்குத் துணைநிற்கிறது. சேவை வழங்குவோர் போதிய கவனத்துடனும் திறனுடனும் செய்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலத்திற்குள் முடித்தல் வேண்டும் என்னும் உத்தரவாதங்களைச் சட்டமே ஒப்பந்தத்திற்குள் வைத்துவிடுகிறது. “எப்போது தருவேன் என்று நான் சொல்லவே இல்லையே” என்பது பதிலாகாது. “முன்பணம் எக்காரணத்தாலும் திருப்பித் தரப்படாது” என்று ரசீதின் அடியில் அச்சிட்டு வைத்திருப்பதைக் கண்டு அஞ்சுவோரும் உண்டு. நாமே மனம்மாறித் திருமணத்தை நிறுத்தினால் அந்த வரிக்கு ஓரளவு பொருளுண்டு. அப்போதுங்கூட, பறித்துக்கொள்ளும் தொகை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்பதை 75-ஆவது பிரிவு குறித்த 2018-ஆம் ஆண்டுக் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு கூறுகிறது. ஆனால் வேலையைச் செய்யாதவரே அவ்வரியைக் கேடயமாகப் பிடிப்பது நகைப்புக்குரியது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பகுதியொன்றும் 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி பயனீட்டாளர் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

இருவர் மீதும் குற்றமில்லாத காலமும் ஒன்று வந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் முன்பதிவு செய்த மண்டபங்கள் யாவும் மூடிக்கிடந்தன. கோவிட் பாதிப்பைக் குறைப்பதற்கென அவ்வாண்டு இயற்றப்பட்ட தற்காலிகச் சட்டம், அந்நோயைத் தடுக்கும் நடவடிக்கைகளால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற இயலாதவர்மீது உரிமைகளைப் பிரயோகிக்காதபடி சிலவகை ஒப்பந்தங்களுக்குப் பாதுகாப்பளித்தது. திருமண நிகழ்ச்சி ஒப்பந்தங்களும் அப்பட்டியலில் இருந்தன. அச்சட்டப் பாதுகாப்பின் காலம் முடிந்துவிட்டது. இன்றும் “அது கோவிட் காலத்துப் பாக்கி” என்று சாக்குச் சொல்வோர் உளர். அச்சொல்லில் இப்போது வலுவில்லை.

தொழில் செய்வோர் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுவது சரியன்று. ஐந்நூறு பேர் என்று சொல்லிவிட்டு எண்ணூறு பேரை அழைப்பது நாமே. முகூர்த்தம் முடிந்தபின் மீதிப் பணத்திற்குப் படப்பிடிப்பாளரை ஆறுமாதம் அலையவிடும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. முந்நூறாவது இலையோடு சாம்பார் தீர்ந்ததற்குக் காரணம் சமையற்காரரா, அழைப்பிதழை அள்ளி வழங்கியவரா என்று கேட்டால், சில வீடுகளில் பதில் சங்கடமாயிருக்கும். எழுத்தில் உடன்படிக்கை இருந்தால் அது அவரையும் காக்கும்.

ஏமாந்தவர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. அங்கு எல்லா வேளையிலும் வழி பிறப்பதில்லை. தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவின்கீழ் மோசடி கடுமையான குற்றம். ஓராண்டிலிருந்து பத்தாண்டுவரை சிறையும் பிரம்படியும் அபராதமும் உண்டு. ஆனால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டப்படவேண்டும். ஒரே நாளுக்குப் பத்துக் குடும்பங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தொலைபேசியை அடைத்துவிட்டு மறைந்தவரைப் பற்றித் தயங்காமல் புகார் செய்தல் வேண்டும். திறமையின்மையாலும் பேராசையாலும் சொன்னதைச் செய்ய முடியாமல் தவிப்பவர் வேறு. அவர் கடனாளி; குற்றவாளி அல்லர். அவரிடம் போக வேண்டிய வழி உரிமையியல் வழி.

அவ்வழியும் நாம் அஞ்சுமளவு நீண்டதன்று. 1999 நவம்பர் 15 முதல் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இயங்கிவருகிறது. ‘திரிபூனல் துந்துத்தான் பெங்குனா’ என்றால் நம் மக்களுக்கு எளிதில் விளங்கும். தொடக்கத்தில் 10,000 வெள்ளிவரை மட்டுமே அது விசாரித்தது. பின்னர் 25,000 ஆயிற்று. 2019 முதல் 50,000 வெள்ளிவரை விசாரிக்கிறது. மனுச் செய்யக் கட்டணம் 5 வெள்ளி. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் இருவர் பசியாறும் பணம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். இரு தரப்பிலும் வழக்கறிஞர் வாதாட இடமில்லை. அமர்த்தியவர் முதற்படிவத்தை நிரப்புகிறார். எதிர்த்தரப்பு இரண்டாம் படிவத்தில் மறுப்பும், தமக்கு ஏதும் வரவேண்டியிருந்தால் எதிர்க்கோரிக்கையும் எழுதலாம். இங்கு மனுவைத் தொடங்கியபின் அதே விவகாரத்தை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல இயலாது. தொகை 5,000 வெள்ளிக்கு மேற்படாதாயின் கீழ்நிலை நீதிமன்றத்தில் சிறுகோரிக்கை வழக்காகவும் தொடரலாம். 50,000-க்கு மேற்பட்ட இழப்பென்றால் நீதிமன்றமும் வழக்கறிஞரும்தாம் துணை. ஒப்பந்த வழக்கிற்குத் தீபகற்பத்தில் ஆறாண்டுக் காலவரம்பு உண்டு.

எவர்மீது மனுச் செய்வது என்பதே சிலருக்குத் தெரிவதில்லை. முகநூலில் கண்ட கவர்ச்சியான பெயர் ஒரு நிறுவனமாகவே இல்லாமலிருக்கலாம். மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் அப்பெயரில் பதிவு உண்டா, உரிமையாளர் யார், முகவரி எது என்பன கிடைக்கும். தனியுரிமைத் தொழிலாயின் உரிமையாளரே தம் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டும். செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமாயின் அந்நிறுவனமே எதிர்த்தரப்பு. இதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்ப்பவர் புத்திசாலி.

இவ்வளவையும் நான் சட்டநூலில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, என்னிடம் ஆறாம் வகுப்பில் படித்த பெண்ணுக்கு 2022 ஜூன் மாதம் திருமணம் நடந்தது. தந்தையார் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்; சேமநிதிப் பணத்தை எடுத்துக் கல்யாணம் செய்தார். படமும் காணொளியும் சேர்த்து 6,500 வெள்ளி என்று பேச்சு. மூன்று தவணையாக 5,000 கொடுத்தாயிற்று. மீதி 1,500 படத்தொகுப்பு கைக்கு வரும்போது. படப்பிடிப்பாளர் வந்தார், விடியற்காலையிலிருந்து இரவு விருந்துவரை பிடித்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன்பின் படம் வரவில்லை. கணினி பழுது என்றார். தொகுப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார். தீபாவளிக்கு முன் என்றார். அந்தத் தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் பெண்ணின் அப்பாயி காலமானார். அந்தம்மாள் நல்ல நிலையில் எழுந்து நின்று பேசியது திருமண மேடையில்தான். பேத்திக்குத் திருநீறு பூசி ஏதோ சொல்லி வாழ்த்தினார். அது அந்தக் காணொளியில் மட்டுமே இருந்தது.

2023 ஆகஸ்டில் தந்தையும் மகளும் பள்ளிக்கு வந்தனர். “ஐயா, கேஸ் போட்டா ஊரு என்ன சொல்லும்? பையன் நம்ம கோயில் பக்கத்துப் பையன்” என்றார் அவர். மகள் நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தாள். துரோகம், வஞ்சகம், மனசாட்சியற்ற என்று பக்கத்துக்குப் பத்துச் சொற்கள். “அம்மா, உனக்கு ஐந்தாம் வகுப்பில் அலுவல் கடிதம் சொல்லிக்கொடுத்தேனே, நினைவிருக்கிறதா?” என்றேன். சிரித்தாள். “ஆமாங்க ஐயா, கால்வாய் அடைப்பு.”

அந்தச் சிரிப்பு ஆசிரியராகிய நம் அனைவரையும் நோக்கியது என்றே கருதுகிறேன். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்படும்வரை எத்தனை தலைமுறை மாணவர்க்குப் புகார்க் கடிதம் கற்பித்தோம்! எழுதியவை யாவும் அடைபட்ட கால்வாயும் எரியாத தெருவிளக்கும் அள்ளப்படாத குப்பையுமே. நகராண்மைக் கழகத் தலைவருக்கு அனுப்பப்பட்ட அக்கடிதங்களில் ஒன்றுகூட அஞ்சற்பெட்டியைக் கண்டதில்லை. அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், எண்ணிட்ட பத்திகள் என்று மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த அவ்வடிவந்தான், உரிமை கேட்க வேண்டிய நாளில் ஒருவனுக்கு வேண்டிய வடிவமும் என்பதை வகுப்பில் எவரும் சொல்லவில்லை.

பெயரடைகளை எல்லாம் அடிக்கச் சொன்னேன். நான்கு பக்கம் ஒரு பக்கமாயிற்று. எஞ்சியவை: பேச்சு முடிந்த நாள், பணம் கொடுத்த மூன்று நாள்கள், மூன்று தொகைகள், அவர் வாக்களித்துத் தவறிய தேதிகள், இறுதியாக ஒரு கோரிக்கையும் பதினான்கு நாள் தவணையும். பதிவஞ்சலில் அனுப்பினோம். பதிலில்லை. அக்கடிதத்தையே பகாசாவில் ஆக்கி, படிவத்தில் சேர்த்து, வங்கிச் சான்றுகளையும் புலனச் செய்திகளையும் தேதிவாரியாக அச்செடுத்து இணைத்து, தந்தையார் பெயரில் மனுச் செய்தாயிற்று. தொகை 5,000 வெள்ளி.

விசாரணைக்கு நானும் உடன்சென்றேன். அங்கு எனக்குப் பேச உரிமையில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். நாற்பது நிமிட நேரம் வாய்மூடிக்கொண்டிருப்பது பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கு எவ்வளவு கடினம் என்பதை என் ஆசிரியத் தோழர்கள் அறிவர். படப்பிடிப்பாளர் வந்திருந்தார். முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர்; முகத்தில் களைப்பு. தொகுப்பாளர் விலகியது உண்மை. ஏற்றுக்கொண்ட வேலைகளை முடிக்க முடியாமல் ஒன்றை மூட இன்னொன்றின் முன்பணத்தை வாங்கிச் செலவிட்டதும் உண்மை. தலைவர் மனுவைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். படிவத்தில் பணம் என்றுதான் இருந்தது. அண்ணனோ ஆலையில் கற்ற மலாயில், பணத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும், என் தாயார் பேசும் அந்தத் துண்டை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார்.

தீர்ப்பாயம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஆணையிடலாம். ஒப்புக்கொண்டதை வழங்கவும் ஆணையிடலாம். இல்லாத ஒன்றை வழங்க எந்த ஆணையாலும் முடியாது. ஆகவே எல்லாம் ஒரே கேள்வியில் நின்றது: பதிவு இருக்கிறதா? இளைஞர் தலைகுனிந்தபடி இருக்கிறது என்றார். தொகுக்கவில்லையே தவிர, பிடித்தது பிடித்தபடி வட்டில் கிடக்கிறதாம். பதினான்கு மாதம் இதை ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார். தொகுக்காமல் கொடுத்தால் தம் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தாராம்! எனக்கு எழுந்துநின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இணக்கம் காண முடியுமா என்று பார்ப்பது தீர்ப்பாயத்தின் முறை. வெளியே நடைபாதையில் இருவரும் நின்று பேசினர். இருபது நிமிடத்தில் உள்ளே திரும்பினர். பதிவு முழுவதையும் வட்டில் இட்டுப் பதினான்கு நாளில் தருவது; 2,500 வெள்ளியை இரு தவணையாகத் திருப்புவது; மீதி 1,500 வெள்ளியைக் கேட்பதில்லை. இவ்வுடன்பாட்டையே தலைவர் தீர்ப்பாகப் பதிவுசெய்தார். தீர்ப்பாகப் பதிவானபின் அது வெறும் வாக்குறுதியன்று. கீழ்நிலை நீதிமன்ற ஆணைக்குரிய மதிப்பு அதற்குண்டு. பதினான்கு நாளுக்குள் நிறைவேற்றாமலிருப்பது அபராதமோ ஈராண்டுவரை சிறையோ விதிக்கத்தக்க குற்றம். கோயில் நிருவாகத்தாரை வைத்துப் பஞ்சாயத்துப் பேசியிருந்தால் இந்த வலு கிடைத்திராது. ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே இளைஞரிடம் பணம் கட்டிக் காத்திருந்த வேறு இரு குடும்பத்தார், படிவம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் அண்ணனிடம் கேட்டார்கள்.

வட்டு ஒன்பதாம் நாள் வந்தது. முதல் தவணை குறித்த நாளில் வந்தது; இரண்டாவது மூன்று நாள் தாமதம். அண்ணன் அதற்காக எவரிடமும் போகவில்லை.

பதினொரு மணி நேரப் பதிவு. மகளும் மருமகனும் இரண்டிரவு உட்கார்ந்து தேடி அப்பாயி வரும் இடத்தைக் கண்டுபிடித்தனர். ஒரு நிமிடத்திற்கும் குறைவு. கை நடுக்கமின்றித் திருநீறு பூசுகிறார், உதடுகள் அசைகின்றன, பின்னால் கெட்டிமேளம் முழங்குவதால் சொன்னது கேட்கவில்லை. ஒலியைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஒருவர் ஈப்போவில் இருக்கிறாராம். முயன்று பார்ப்பதாகச் சொல்லி 300 வெள்ளி கேட்டிருக்கிறார். முன்பணம் 100 வெள்ளிக்கு அண்ணன் ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.